சூட்டில் சோதித்துப் பார்!

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"ஏதாவது டெக்னிக்கலா பேசுப்பா" என்றார் செயலாளர். ஆகவே ஒரு பழைய வண்டியைப் பற்றிப் பேசுகிறேன். கடைசியில் அது வண்டியைப் பற்றிய பேச்சாக மட்டும் இருக்காது.

1980களின் தொடக்கத்தில் என்ஃபீல்ட் இந்தியா நிறுவனம் நம் ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலை தொடங்கியது. ஜெர்மனியின் சுண்டாப் கம்பெனியின் தொழில்நுட்பத்தில் சில்வர் பிளஸ், எக்ஸ்ப்ளோரர் என்று இரண்டு 50 சிசி வண்டிகள் வந்தன. பிறகு ஃப்யூரி 175 என்ற வண்டியும் வந்தது. சுண்டாப் 1984இல் மூடப்பட்டது. இந்த வண்டிகளும் நின்றுபோய் நெடுங்காலம் ஆகிறது. என் அப்பா டேனரி வேலைக்குப் போய்வர செகண்ட் ஹேண்டில் வாங்கியது ஒரு எக்ஸ்ப்ளோரர். அவர் காலத்துக்குப் பிறகு அதை ஓட வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

நோய் இதுதான்: மாதனூரில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும். பள்ளிகொண்டா போய்ச் சேர்வதற்குள் நின்றுவிடும். அரை மணி நேரம் மர நிழலில் நிறுத்தினால், ஒன்றும் நடக்காதது போல மறுபடி ஓடும்!

உதிரிபாகம் சுலபமாகக் கிடைக்காத வண்டி. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க முடியாது. எது கெட்டது என்று தெரிந்த பிறகுதான் கை வைக்க வேண்டும். எனவே வரிசையாகச் சோதித்தேன். முதலில் பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். அடுத்து, எஞ்சினை நிறுத்தும் சுவிட்சின் ஒயரைக் கழற்றினேன். அது எங்காவது உராய்ந்து பாடியைத் தொட்டாலே ஸ்பார்க் செத்துவிடும். பிறகு பாயிண்ட். கேப் சுமார் 0.4 மில்லிமீட்டர் வைத்தேன். பாயிண்டுக்கு நடுவில் ஒரு மெல்லிய தாளை வைத்து லேசாக இழுத்துக்கொண்டே ஃப்ளைவீலைத் திருப்பினால், தாள் நழுவும் கணம்தான் பாயிண்ட் திறக்கும் கணம். அது டைமிங் குறியோடு பொருந்தியது. பாயிண்டில் பெரிய பொறி அடிக்கவில்லை. ஆகவே கண்டன்சர் மேலும் சந்தேகம் இல்லை. காயிலை மீட்டரில் அளந்தேன். ரீடிங் சரி. பிளக்கை சிலிண்டர் மேல் எர்த் ஆகும்படி வைத்து உதைத்தேன். நீலப் பொறி! (தம்பிகளே, பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி வையுங்கள், பெட்ரோல் ஆவி வெளியே வரும்.)

எல்லாம் பாஸ். ஆனால் வண்டி ஓடவில்லை.

நம்ம பக்கத்து வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இன்னா தம்பி, ஆறின வண்டியப் பாத்துட்டு நல்லா கீதுன்னா எப்படி? நின்ன எடத்துலயே பாரு" என்றார்.

மறுநாள் பிளக் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வண்டி நின்றதும் அங்கேயே சோதித்தேன். பொறி மங்கலாக, மஞ்சளாக, விட்டுவிட்டு வந்தது. அப்போதுதான் புரிந்தது. காயில் இருப்பது ஃப்ளைவீலுக்கு உள்ளே, எஞ்சினோடு ஒட்டி. சூடேறியதும் பழைய வார்னிஷ் இன்சுலேஷன் தோற்று, பல ஆயிரம் வோல்ட் உள்ளேயே கசிந்துவிடுகிறது. மீட்டர் கொடுப்பதோ ஓரிரு வோல்ட். அதற்கு இந்தக் கசிவு எப்படித் தெரியும்? அதோடு, வெளிக்காற்றில் பொறி தாண்டுவது சுலபம். சிலிண்டருக்குள் அழுத்தத்தில் தாண்ட இன்னும் அதிக வோல்ட் வேண்டும். நான் வைத்த பரீட்சையே சுலபமான பரீட்சை. ஆம்பூரில் காயிலைப் புதிதாகக் கட்டி வாங்கினேன். இப்போது ராணிப்பேட்டை வரைக்கும் போய் வருகிறது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் வண்டி அல்ல.

அதற்குச் சில மாதங்களுக்கு முன், நான் வேலை பார்த்த ஷூ தொழிற்சாலையில் ஒரு மெஷின் மதியத்துக்கு மேல் அடிக்கடி நின்றது. நான் காலை எட்டு மணிக்குப் போய்ச் சோதித்தேன். எல்லாம் சரி. "மெஷினில் குறை இல்லை, ஆபரேட்டர் பெடலைச் சரியாக மிதிப்பதில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பையனை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். இன்சென்டிவ் போயிற்று. "சார், காலைல நல்லாத்தான் ஓடுது, சாப்பாட்டுக்கு அப்புறம்தான் சார் நிக்குது" என்று அவன் சொன்னான். நான் காதில் வாங்கவில்லை. நான் இன்ஜினியர் அல்லவா!

மறுநாள் மதியம் மூன்று மணிக்கு, மெஷின் நின்ற நிமிடத்தில் பேனலைத் திறந்தேன். சூட்டில் ஒரு ரிலே காயில் அறுந்து அறுந்து சேர்ந்துகொண்டிருந்தது. பழைய அறிக்கை தவறு என்று எழுதிக் கொடுத்தேன். பையனிடம் போய், "தப்பு என்னுது தம்பி" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே, "பரவால்ல சார்" என்றான். பழைய மெஷினுக்கே திரும்பினான். நடுவில் போன மாதங்களின் பணத்தை நான் திருப்பித் தர முடியவில்லை. அது இன்றைக்கும் உறுத்துகிறது.

மாணவச் செல்வங்களே, நாளைக்கு உங்கள் கையெழுத்துக்கும் மதிப்பு வரும். அதை நம்பி யாரோ ஒருவரின் சம்பளம் தீர்மானிக்கப்படும். எந்தக் குறையையும் அது தோன்றும் நேரத்தில், தோன்றும் இடத்தில் போய்ப் பாருங்கள். தினமும் மெஷினோடு நிற்பவன் சொல்வதை முதலில் கேளுங்கள்.

அப்பாவின் எக்ஸ்ப்ளோரர் வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறது. உதைத்துப் பார்க்க ஆசைப்படுபவர்கள் வரலாம்.