பாடிய வாயும் கொடுத்த கையும்: தாது ஆண்டுப் பஞ்சத்தில் வேதநாயகம் பிள்ளை



மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை என்றவுடன் தமிழுலகம் பிரதாப முதலியார் சரித்திரத்தையே நினைக்கிறது. 1879இல் வெளிவந்த அந்நூல் தமிழின் முதற் புதினம் என்னும் பெருமையைப் பெற்றது. அப்பெருமையே அவருடைய பிற பணிகளின்மேல் ஒரு திரையையும் விரித்துவிட்டது. அத்திரையைச் சற்று விலக்கி, அப்புதினம் வெளிவருமுன் கழிந்த மூன்று ஆண்டுகளை நோக்குவது இவ்வுரையின் எல்லை.

1876ஆம் ஆண்டு மழை பொய்த்தது. தாது ஆண்டில் தொடங்கியதால் தாது வருடப் பஞ்சம் என்று மக்கள் அதனை வழங்கினர். பெல்லாரி, கடப்பை, கர்நூல், சேலம், கோயம்புத்தூர் எனச் சென்னை மாகாணத்தின் வானம் பார்த்த மாவட்டங்கள் முதலில் வீழ்ந்தன. சென்னை, பம்பாய் மாகாணங்களிலும் மைசூர், ஐதராபாத் சமத்தானங்களிலுமாக 1878 வரை மாண்டோர் தொகை 50 இலட்சத்துக்குக் குறையாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. இதே பஞ்சத்தினூடே, 1877 சனவரி முதல் நாள், விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்கும் தர்பாரை லிட்டன் பிரபு தில்லியில் கூட்டினார். நிவாரணச் செலவைச் சுருக்க அனுப்பப்பட்ட ரிச்சர்டு டெம்பிள், நாள் முழுதும் உழைக்கும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாக் காசும் போதும் என்று வரையறுத்தார். அது உயிரைத் தாங்காது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் மறுத்து எழுதினார். அளவு பின்னர் உயர்த்தப்பட்டது. அதற்குள் சென்ற உயிர்கள் சென்றவையே.

காவிரிப் பாசனம் பெற்ற தஞ்சை மாவட்டத்தின் நிலை வேறு. அங்கு நெல் விளைந்தது, களஞ்சியங்களும் வெறுமையாகிவிடவில்லை. ஆனால் நெல்லின் விலை ஏழையின் கைக்கெட்டாத உயரத்துக்கு ஏறியது. வறண்ட மாவட்டங்களிலிருந்து பசித்தோர் கூட்டங்கூட்டமாகக் காவிரிக்கரை ஊர்களை நோக்கி வந்தனர். ஆகவே மாயூரத்தில் பஞ்சம் என்பது வானத்தின் குறை மட்டுமன்று. சோறு உள்ள ஊரில் சோறில்லாத மனிதர் நடமாடிய நிலை அது. விலை ஏற்றத்தால் செல்வம் பெருக்கியோரும் அம்மாவட்டத்தில் உண்டு. ஒருவன் தன் கடமையை மழையின்மேல் போட்டுவிட்டுத் தப்பிக்க இயலாத இடம் ஒன்று உண்டென்றால், அது அக்காலத்து மாயூரமே எனலாம்.

வேதநாயகர் அப்போது அரசுப் பணியில் இல்லை. 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப் பதவி ஏற்றவர், பின்னர் மாயூரத்தில் நெடுநாள் நீதி வழங்கி, பஞ்சத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். பசித்தோர்க்குச் சோறிடும் பொறுப்பை எந்த அரசாணையும் அவர்மேல் சுமத்தவில்லை. எனினும் தாம் ஈட்டிய பொருளை அவர் பஞ்சத்தில் வாடியோர்க்கு வாரி வழங்கினார். நீதிமன்றத்தில் அமர்ந்திருந்த காலத்திலேயே, 1859இல், நீதிநூல் இயற்றிக் கைக்கூலியைக் கடிந்தவர் அவர். கைக்கூலி வாங்காத முன்சீப் ஒருவரின் சேமிப்பு எவ்வளவு இருந்திருக்கும் என்பதையும் கேட்போர் எண்ணிக்கொள்ளல் வேண்டும்.

இக்கொடையோடு சேர்த்து நோக்கத்தக்கது அவருடைய பாட்டு. 1878இல் அவர் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை வெளியிட்டார். பஞ்சம் தீர்க்குமாறு இறைவனை இறைஞ்சும் கீர்த்தனைகள் அத்தொகுதியில் இடம்பெற்றுள்ளன. அவற்றில் இறைவனையன்றி வேறு புகலிடம் இல்லை என்னும் குரலே மேலோங்கி நிற்கிறது. இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பு. எல்லாம் இறைவன் கையில் என்று பாடுவோர் தம் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடலாமே? பஞ்சத்தைப் பாவத்தின் தண்டனை என்றோ ஊழ்வினை என்றோ சொல்லி அமைதி தேடிக்கொள்வோர் எச்சமயத்திலும் உண்டு. கிறித்தவருள்ளும் உண்டு. அப்படிச் சொல்லும்போது பசித்தவனே குற்றவாளியாகிவிடுகிறான். உண்டவன் சாட்சியாகக்கூட நிற்க வேண்டியதில்லை.

கிறித்தவ மறை இந்தச் சாய்வு நாற்காலியை நம்பிக்கைக்கு அளிப்பதில்லை. யாக்கோபின் திருமுகத்து இரண்டாம் அதிகாரம் ஒருவனைக் காட்டுகிறது. உடையும் உணவும் இல்லாத சகோதரனைப் பார்த்து நல்வாழ்த்துக் கூறி அனுப்பிவிட்டு, ஒன்றும் கொடாதவன் அவன். அவன் தீயவன் அல்லன். அவன் சொல்லும் இனிய சொல்லே. அந்த இனிய சொல்லைத்தான் உயிரற்ற நம்பிக்கைக்குச் சான்றாக யாக்கோபு எடுத்துக்கொள்கிறார். சொல்லைத் தொழிலாகக் கொண்ட கவிஞர்கள் இவ்விடத்தை விரைந்து கடந்துவிட முடியாது. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் வரும் இறுதித் தீர்ப்பிலும் வினா பசித்தவனைப் பற்றியதாகவே அமைகிறது. பல ஆண்டுகள் பிறர் வழக்குகளுக்குத் தீர்ப்பெழுதிய ஒருவர் அந்தக் காட்சியை எவ்வாறு படித்திருப்பார் என்பதைச் சொல்லித் தெரிவிக்க வேண்டியதில்லை.

இது புதிய நெறியுமன்று. நான்காம் நூற்றாண்டில் கப்பதோக்கியா நாட்டுச் செசரியா நகரைப் பஞ்சம் தாக்கியபோது, தூய பசிலியார் தம் உடைமையை விற்று ஏழைகளுக்கு உணவளித்தார். தானியத்தைப் பூட்டிவைத்து விலை ஏறக் காத்திருந்த வணிகரைத் தம் மறையுரைகளில் நேருக்கு நேர் கண்டித்தார். மன்றாடுவதற்கும் கொடுப்பதற்கும் இடையே அவர் கோடு கிழிக்கவில்லை. வேதநாயகரும் கிழிக்கவில்லை. பாடும்போது எல்லாம் இறைவன் பொறுப்பு என்பவர்போலவும், கொடுக்கும்போது எல்லாம் தம் பொறுப்பு என்பவர்போலவும் அவர் நடந்துகொண்டார். தருக்க நூலார் இதில் முரண் காணலாம். பசியோடு வாசலில் நின்றவன் கண்டிருக்க மாட்டான்.

அவரைக் குறையே இல்லாதவராக்குவதும் தேவையற்றது. ஆங்கில ஆட்சியின் நன்மைகளில் நம்பிக்கை கொண்ட தலைமுறை அவருடையது. நீதிமன்றங்களில் தமிழ் வழங்க வேண்டும் என்று துணிந்து எழுதியவரே ஆயினும், பஞ்சக் கீர்த்தனைகளில் அவர் விண்ணப்பம் செல்வது இறைவனிடமேயன்றி அரசிடமன்று. ஒரு தனிமனிதரின் கொடை ஓர் ஊரின் சில உயிர்களைக் காக்கலாம். பேரரசின் கொள்கையால் பெருகிய பஞ்சத்தைத் தடுக்க முடியாது. வள்ளலைப் புகழும் ஆரவாரத்தில் அரசின் பிழை மறைந்துபோவதுண்டு. ஆனால் அரசு பிழை செய்கிறது என்பதைத் தம் சும்மாயிருத்தலுக்குக் காரணமாக அவர் காட்டிக்கொள்ளவில்லை என்பதும் உண்மை.

இன்னொன்று. அப்பஞ்சக் காலத்தில் திருநெல்வேலி முதலிய இடங்களில் பல்லாயிரவர் திருச்சபைகளை நாடினர். சோற்றுக்காக வந்தவர்கள் என்னும் ஏளனமும் அவர்களைத் தொடர்ந்தது. உண்ண வழியற்றவனை நோக்கி அவ்வாறு நகைப்பது எளிது. அது வேறோர் ஆய்வுக்கு உரியது. வேதநாயகர் தம் சமயத்தை மறைத்தவர் அல்லர். சத்திய வேதக் கீர்த்தனைகளும் தேவமாதா அந்தாதியும் அவர் கத்தோலிக்கப் பற்றுக்குச் சான்றாக நிற்கின்றன. ஆயினும் பஞ்சத்தின் இறுதியில் வெளியிட்ட கீர்த்தனைத் தொகுதியை எச்சமயத்தாரும் தம் இறைவனை எண்ணிப் பாடுமாறு பொதுவாக அமைத்தார். சைவன் வாயிலும் கிறித்தவன் வாயிலும் ஒரே பஞ்சப்பாட்டு ஒலிக்கலாம். பசிக்குச் சமயம் இல்லை என்பதைக் கண்ணாரக் கண்டவருக்கு, பசியைப் பற்றிய பாட்டைத் தம் சமயத்தாருக்கு மட்டும் உரியதாக்க மனம் வரவில்லை போலும்.

அப்பொதுமையை உடனே உணர்ந்தவர் ஒரு சிவபக்தர். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் மாயூரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தோடு நெருங்கிய தொடர்புடையவர். கோயிலுக்குள் புகவொட்டாது நிறுத்தப்பட்ட உழவனின் ஏக்கத்தைத் தமிழில் இசையாக்கிய அப்பெரியார், பஞ்சத்தில் வேதநாயகரின் கொடையைக் கண்டு அவர்மேல் ஒரு கீர்த்தனை இயற்றினார். தில்லைக் கூத்தனைப் பாடுவதையே வாழ்வாகக் கொண்டவர், தம் சமயத்தைச் சாராத ஓய்வு பெற்ற முன்சீப் ஒருவரை அப்பாட்டில் மேருமலையோடு ஒப்பிட்டார்.