பைத்தியத்திற்குச் சங்கிலி வைத்தியமா?

(பாலவனத்தத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



புத்தி தடுமாறிய மனிதரை நம் ஜனங்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நான் காலேஜ் படித்தவனல்ல, வைத்தியனுமல்ல. கேட்டும், கிடைத்த புஸ்தகத்தைப் புரட்டியும் தெரிந்து கொண்டதையே சொல்லுகிறேன்.

எங்கள் பந்துக்களில் ஒரு பெண் பிள்ளை பெற்ற பத்தாம் நாள் பிதற்ற ஆரம்பித்தாள். கோடாங்கி வந்து உடுக்கை அடித்தான், வேப்பங்குழையால் விளாசினான், மிளகாய்ப் புகை போட்டான். பேயை அடிக்கிறானாம்! பேய்க்கு முதுகு ஏது? அடி விழுந்ததெல்லாம் அவள் முதுகில்தான். பிறகு ஒரு கோயிலில் கொண்டுபோய்க் கட்டிப் போட்டார்கள். அன்று சும்மா நின்று பார்த்தவர்களில் நானும் ஒருவன்.

2001ம் வருஷம் ஆகஸ்டு 6ந் தேதி விடியற்காலை, ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் இப்படிப்பட்டவர்களை வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தது. 28 பேர் மாண்டார்கள். காலிருந்தும் ஓட முடியவில்லை. காலில் சங்கிலி இருந்தது. தர்காவைத் தேடி அந்த ஊருக்குப் போகிறவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு. கட்டிப் போடுகிற விஷயத்தில் மட்டும் மதங்களுக்குள் சண்டையே இல்லை! 2017ம் வருஷத்து மனநலச் சட்டம், எந்த விதத்திலும் சங்கிலி போடக்கூடாது என்று தடுத்திருக்கிறது.

அப்படியானால் ஆஸ்பத்திரியில் தள்ளிவிட்டு வந்துவிடலாமா என்றால், அதுவும் சரியல்ல. 1950களில் அமிர்தசரஸ் மனநோய் ஆஸ்பத்திரியில் டாக்டர் வித்யாசாகர் என்பவர், நோயாளிகளின் உறவினரையும் வளாகத்திலேயே கூடாரமடித்துத் தங்கச் செய்தார். 1957ல் நம் வேலூரில், பாகாயத்தில் ஆரம்பித்த மனநல மையத்திலும் உறவினர் ஒருவர் கூடத் தங்குவதே முறையாயிற்று. மருந்தை எப்படிக் கொடுப்பது, நோய் திரும்புகிற அடையாளம் என்ன என்பதெல்லாம் அவர்களுக்குக் கற்றுக் கொடுக்கப்படுகிறது. பெங்களூரில் 1980களின் ஆரம்பத்தில் ஷைலா பாய், கபூர் என்ற இருவர் இதைச் சோதித்தே பார்த்தார்கள். ஒரு கூட்டம் நோயாளிகளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இன்னொரு கூட்டத்தை வீட்டிலேயே விட்டு, பயிற்சி பெற்ற நர்சு போய்ப் பார்த்து வரச் செய்தார்கள். வீட்டில் இருந்தவர்களே அதிகம் தேறினார்கள், செலவும் குறைவு.

உடனே பக்தர் ஒருவர் எழுந்து, “கோயிலிலும் சிலருக்குக் குணமாகிறதே!” என்பார். ஆகிறது, நான் மறைக்கவில்லை. நம் நாட்டு வேலாயுதம்பாளையம்புதூர் கோயிலில் தங்கிய 31 பேரைப் பரிசோதித்து 2002ல் வெளியிட்டிருக்கிறார்கள். நோயின் கடுமை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஆனால் அங்கே விசேஷமான பூசை, மந்திரம் எதுவும் செய்யப்படவில்லை. கூட உறவினர் இருந்தார்கள், பயமுறுத்துவார் இல்லை, ஆதரவு இருந்தது. அந்த ஆதரவுதான் காரணம் என்று பரிசோதித்தவர்களே சொல்லுகிறார்கள். ஆக, குணப்படுத்தியது கருங்கல்லா, கூட இருந்த மனிதரா? மனிதர் என்றால், அவர் வீட்டிலேயே இருக்கிறாரே!

ஆனால் குடும்பம் என்றால் எல்லாம் அமிர்தம் என்று நினைத்துவிடாதீர்கள். ஓயாமல் குறை சொல்லி நச்சரிக்கிற வீட்டுக்குத் திரும்பினவர்களுக்கு நோய் மறுபடி வருவது அதிகம் என்று லண்டனில் ஜார்ஜ் பிரவுன் முதலியோர் கண்டிருக்கிறார்கள். ‘பைத்தியம்’ என்று பட்டம் சூட்டிக் கூப்பிட்டுக்கொண்டே மாத்திரை கொடுத்தால் மாத்திரை என்ன செய்யும்?

இன்னொன்று: கூட இருப்பது என்றவுடன் தாயும் மனைவியும்தான் இருக்க வேண்டுமா? ஆண்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விடுகிறீர்கள். எங்கள் பந்து வீட்டுப் பெண்ணைக் கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு, கூட இருந்தது அவள் தாய் ஒருத்திதான். பெண் தேறிவிட்டாள், கண் விழித்து விழித்துத் தாய் படுத்துவிட்டாள். புருஷன் வாரம் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்தான்.

14416 என்ற நம்பருக்குப் போன் செய்தால் இந்நோய்க்கு யோசனை சொல்லுகிறார்கள்; காசு கிடையாது. இந்தச் சுற்று வட்டாரத்தில் யாரையாவது கட்டிப் போட்டிருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து சொல்லுங்கள். ஊரறியச் சொல்ல வேண்டாம், காதில் சொன்னால் போதும். நாளைக் காலையிலேயே அருப்புக்கோட்டை சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கூட வர நான் தயார்.