பனிக்காலத்தில் வீட்டினுள் வளரும் செடிகள்
(மலைக் கிராமங்களின் ஊராட்சி அங்கத்தினர்களிடையேயும் விவசாயிகளிடையேயும் நிகழ்த்திய பேச்சு)



சமவெளியில் வாழும் நண்பர்களுக்குப் பனிக்காலம் என்றால் விடியற்காலையில் ஒரு போர்வை, அவ்வளவுதான். நீலகிரியில் வாழும் நமக்கோ அது சோதனைக் காலம். கார்த்திகை மழை ஓய்ந்து வானம் தெளிந்ததும் முதலில் நீர்ப்பனி இறங்குகிறது. அதனைத் தொடர்ந்து மார்கழி, தை மாதங்களில் உறைபனி. காலையில் புல்வெளி உப்பைத் தூவினாற்போல் வெளுத்துக் கிடப்பதையும், தேயிலைக் கொழுந்து கருகிப் போவதையும் நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். வயலைப் பற்றி இன்று பேசப் போவதில்லை. வீட்டினுள்ளும், பள்ளியிலும், ஊராட்சி அலுவலகத்திலும் தொட்டிகளில் வளரும் செடிகளைப் பற்றியே சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறோம்.

இது செல்வர்களின் பொழுதுபோக்கு அன்றோ என்று சிலர் எண்ணக்கூடும். அன்று. 1896ஆம் ஆண்டில் தொடங்கிய உதகை மலர்க் கண்காட்சியைக் காணக் கோடையில் வரும் வெளியூரார் தொட்டிச் செடிகளை விரும்பி வாங்கிச் செல்கின்றனர். அத்தொட்டிகளில் ஊன்றும் தண்டுத் துண்டுகளை மாசி மாதத்தில் வெட்டித் தர, தாய்ச்செடி பனிக்காலத்தைத் தாண்டி உயிரோடு இருத்தல் வேண்டும். தையில் தாய்ச்செடி மடிந்தால் சித்திரையில் விற்பதற்கு ஒன்றுமில்லை.

பனியின் இயல்பை முதலில் அறிதல் நலம். மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வானத்திற்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. ஆதலின் அது நீரைப் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. தலைகுந்தா போன்ற தாழ்ந்த இடங்களில் உறைபனி மிகுவது இதனாலேயே. மேட்டில் உள்ள வீட்டாருக்குப் பொருந்தும் செடி பள்ளத்தில் உள்ள வீட்டாருக்குப் பொருந்தாது. வீட்டினுள்ளேயும் சன்னல் கண்ணாடியை ஒட்டிய இடம் ஏறத்தாழ வெளியைப் போலவே குளிர்ந்துவிடும். பகலில் ஒளிக்காகச் சன்னலருகே வைத்த தொட்டியை இரவில் இரண்டடி உள்ளே நகர்த்துக. நகர்த்த இயலாவிடில், கண்ணாடிக்கும் செடிக்கும் நடுவே பழைய செய்தித்தாள்களை நான்கைந்து மடிப்பாகச் செருகி வைத்தாலும் போதும்.

இனிச் செடியைத் தேர்ந்தெடுக்கும் முறை. பலர் அழகைப் பார்த்து வாங்கி வந்து, பிறகு அதற்கு இடம் தேடுகின்றனர். இடத்தைப் பார்த்துச் செடியைத் தேடுவதே முறை. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால் தென்புறச் சன்னலுக்கே வெயில் மிகுதி. அங்கு ஜெரேனியமும் கற்றாழையும் செழிக்கும். காலை வெயில் சிறிதே படும் கீழ்ப்புறத்தில் பிகோனியா வைக்கலாம். ஒளி குன்றிய கூடத்திற்கு அஸ்பிடிஸ்ட்ரா போன்ற பொறுமைசாலி வேறில்லை. குளிரையும் நிழலையும் ஒருங்கே தாங்கும். மருளும் நிழலைத் தாங்கும். ஆனால் குளிர்ந்த ஈரத்தில் அதன் அடி அழுகிவிடும். குரோட்டன்ஸ் செடியை மட்டும் பனிக்காலத்தில் கீழ்நாட்டுப் பண்ணையிலிருந்து வாங்கி வராதீர்கள். வெப்ப நாட்டுச் செடியாகிய அது ஒரே வாரத்தில் இலைகளையெல்லாம் உதிர்த்துவிட்டுக் குச்சியாக நிற்கும். பள்ளிக்கூடங்களில் டைஃபன்பேக்கியாவும் வேண்டாம். அதன் தண்டைக் குழந்தை கடித்துவிட்டால் நாவும் தொண்டையும் வீங்கும்.

வீட்டுச் செடிகளைப் பனி கொல்வதைக் காட்டிலும் நம் அன்பே மிகுதியாகக் கொல்கிறது என்று சொன்னால் நீங்கள் வியப்படையலாம். நாமே ஒரு மார்கழியில் ஏழு ஜெரேனியச் செடிகளை இவ்வாறு இழந்தோம். இலை வாடியது, தாகம் என்று கருதி நீர் ஊற்றினோம். மேலும் வாடியது, மேலும் ஊற்றினோம். பிறகு பிடுங்கிப் பார்த்தபோது வேர்கள் கறுத்து, கூழாகிக் கையோடு வந்தன. ஒளியும் வெப்பமும் குறைந்த நாட்களில் செடி வளர்வதில்லை; வளராத செடி நீரையும் மிகுதியாகக் குடிப்பதில்லை. ஊற்றிய நீர் மண்ணிலேயே தங்கி, காற்று புகும் இடத்தை அடைத்துவிட, வேர் மூச்சு முட்டி அழுகுகிறது. அழுகிய வேர் நீரை உறிஞ்ச இயலாமையால் இலை வாடுகிறது. நோயும் தாகமும் ஒரே தோற்றம் காட்டுவதே இதிலுள்ள ஏமாற்று.

ஆகவே, கிழமைக் கணக்கில் நீர் ஊற்றாதீர்கள். விரலை மண்ணில் ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் தட்டுப்பட்டால் அன்று நீர் வேண்டாம். தொட்டியைத் தூக்கிப் பார்த்து எடையால் அறியும் பழக்கம் இன்னும் நல்லது. பெண்மக்கள் இதனை விரைவில் கற்றுக்கொள்கின்றனர். குழாய் நீர் காலையில் பனிக்கட்டிபோல் இருக்குமாதலால், முன்னாள் இரவே ஒரு குடத்தில் பிடித்து அடுக்களையில் வைத்திருந்து, வெயில் ஏறிய பின் ஊற்றுக. மாலையில் ஊற்றலாகாது. தொட்டியின் அடித்துளை மேல் ஓட்டாஞ்சில்லு இட்டிருத்தல் வேண்டும். கீழ்த்தட்டில் தேங்கிய நீரை உடனே கொட்டிவிட வேண்டும். பிளாஸ்டிக் தொட்டியில் மண் மெல்லவே உலரும் என்பதையும் நினைவிற் கொள்க. உரம் மாசி வரையில் வேண்டாம்.

அடுத்து நாம் சொல்லப்போவது செடியோடு மனித உயிரையும் பற்றியது. இரவில் செடி நச்சுக்காற்றை விடுகிறது என்று அஞ்சி, பலர் தொட்டிகளைத் திண்ணையில் வைத்துவிட்டு உறங்கச் செல்கின்றனர். அவ்வாறு வெளியேற்றிய செடி விடிவதற்குள் கருகுகிறது. செடி இரவில் கரியமில வாயுவை விடுவது உண்மைதான். ஆனால் அருகில் உறங்கும் ஒரு குழந்தை விடுவதில் அது ஒரு சிறு பங்குகூட இராது. அதே வீட்டில், கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டு, குளிருக்காகக் கரிச்சட்டியை மூட்டிவைத்து உறங்குகிறார்கள்! கனலும் கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. உறங்கியவர் எழாமலே போவார். அதிகாலையில் தலைவலியும் குமட்டலும் தோன்றினாலே கதவைத் திறந்து வெளியேறிவிட வேண்டும். செடி வைத்தால் அறையின் காற்று தூய்மையாகும் என்ற பேச்சை நம்பி இருந்துவிடவும் கூடாது. எத்தனை தொட்டி வைத்தாலும் அவ்வாயுவிலிருந்து அவை காக்கமாட்டா. செடி உள்ளே இருக்கட்டும். கரிச்சட்டி வெளியே போகட்டும். ஊராட்சி அங்கத்தினர்கள் இதனைப் பனி தொடங்குமுன் கிராம சபையில் எடுத்துச் சொல்வதோடு, தொழிலாளர் குடியிருப்புகளுக்கும், சமவெளியிலிருந்து வந்து தங்குவோருக்கும் நேரிற் சென்று அறிவித்தல் வேண்டும். மலையில் பிறந்தவரைவிட அவர்களுக்கே இதன் அபாயம் தெரியாது.

தவறிப்போய் வெளியில் நின்ற தொட்டியைப் பனி பிடித்துவிட்டால், பதறி வெயிலில் வைக்கவோ வெந்நீர் தெளிக்கவோ வேண்டாம். நிழலான இடத்தில் வைத்து, உறைந்த இலை மெல்ல இளகும்படி விடுக. கருகிய இலைகள் கண்ணுக்கு அழகல்லவாயினும் அவற்றை உடனே கிள்ளிவிடாதீர்கள். அடுத்த பனிக்கு அவையே உள்ளிருக்கும் மொட்டுக்குப் போர்வையாகும். தண்டை நகத்தால் சிறிது கீறிப் பாருங்கள். உள்ளே பசுமை தென்பட்டால் செடி உயிரோடிருக்கிறது.

உறைபனி முற்றிலும் நின்றபின், மாசிக் கடைசியில், கருகிய பகுதியை நீக்கிவிட்டு, நல்ல தண்டுகளை நான்கு அங்குல நீளத்தில் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுக. ஜெரேனியத் துண்டுகளை ஒரு நாள் நிழலில் உலரவிட்டு, பாதி மணல் கலந்த மண்ணில் ஊன்றினால், கோடை விருந்தினர் வரும் முன்னரே வேர் பிடித்துவிடும்.