ஆயாவும் கட்டிலில் கிடப்பவரும்

(காடாம்புலியூரில், செவிலியர் உதவியாளர் பயிற்சி முடித்த பெண்களும் மாணவர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம பக்கத்துல ஆயான்னா பாட்டி. ஆஸ்பத்திரியில, முதியோர் இல்லத்துல ஆயான்னா பீத்துணி மாத்துறவ. இந்த வேலைக்கு ஏன் காலனிப் பெண்களையே தேடி வருகிறார்கள் என்று நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பீ, மூத்திரம், சீழ், பிணம் இவற்றைத் தொடுவதற்கென்று ஒரு கூட்டத்தை ஒதுக்கி வைத்த சமூகம், இப்போது நர்சிங் அசிஸ்டெண்ட் என்று பேரை மாத்தி ஒரு யூனிஃபார்மும் கொடுத்திருக்கிறது.

உங்கள் கூலி, உங்கள் வேலை நேரம் பற்றி இங்கே ஏற்கனவே பேசிவிட்டார்கள். நான் உங்கள் கையில் கிடக்கிறவருடைய உரிமையைப் பேச வந்திருக்கிறேன்.

2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. 28 பேர் செத்தார்கள். அவர்களால் ஓட முடியவில்லை, சங்கிலியில் கட்டிக் கிடந்தார்கள். முதலாளி கட்டச் சொன்னான் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் இதுமாதிரி இடங்களில் முதலாளி சங்கிலியைத் தொடுவதில்லை. பூட்டுகிற கை கூலிக்காரர் கை. அதனால்தான் உங்களிடம் பேசுகிறேன்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. எந்த வடிவிலும் சங்கிலி போடக்கூடாது என்கிறது அதன் 95-ஆம் பிரிவு. 20-ஆம் பிரிவில் இன்னும் உண்டு: மொட்டையடிக்கக் கட்டாயப்படுத்தக்கூடாது, சொந்தத் துணி உடுத்த விரும்பினால் விடவேண்டும், வேலை வாங்கினால் கூலி தரவேண்டும். எனக்கு முக்கியமாகப் படுவது 97-ஆம் பிரிவு. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவர் அனுமதித்தால் மட்டுமே ஒருவரைக் கட்டுப்படுத்தலாம். தண்டனையாகக் கூடாது. ஆள் பற்றாக்குறை என்ற காரணத்துக்காகவும் கூடாது.

இந்தக் கடைசி வரியை மனப்பாடம் பண்ணிக்கங்க. நைட் டூட்டியில் முப்பது கட்டிலுக்கு ரெண்டே பேர். சூப்பர்வைசர் வந்து, "அந்தக் கெழவியக் கட்டிப்போட்டுட்டு நீ வேலையப் பாரும்மா" என்பார். ஆள் போடாமல் மிச்சம் பிடிக்கிற காசுக்கு அந்தக் கிழவியின் மணிக்கட்டு கணக்குத் தீர்க்கிறது. "எழுதிக் குடுங்க சார்"னு கேளுங்க. எழுதித்தர மாட்டார். முதியோர் இல்லத்துக்கு இந்தச் சட்டம் நேரடியாகப் பொருந்தாவிட்டாலும், ஒருவரை முறையில்லாமல் அடைத்துவைப்பது பொதுக் குற்றவியல் சட்டப்படியே குற்றம்தான். மாட்டினால் அவர் சொன்ன வார்த்தை காற்றோடு போய்விடும், நீங்கள் போட்ட முடிச்சு சாட்சியாக நிற்கும்.

பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2023 பிப்ரவரியில், நமக்குப் பக்கத்திலேயே விக்கிரவாண்டி அருகே குண்டலப்புலியூரில் ஒரு ஆசிரமத்திலிருந்து 140-க்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். ஒரு முதியவரைத் தேடி உயர்நீதிமன்றத்தில் போட்ட ஆட்கொணர்வு மனுவில்தான் அது வெளியே வந்தது. மற்றவர்களுக்கு மனு போட யாருமில்லை. அப்படிப்பட்டவர்களை அன்றாடம் பார்க்கிற வெளியாள் அங்கே வேலைக்குப் போகிற பெண்தான்.

அமெரிக்காவில் 1987-ல் ஒரு சட்டம் வந்தது. மருத்துவ இல்லங்களில் வேலை பார்க்கும் உதவியாளருக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும், அதில் அங்கே தங்கியிருப்பவரின் உரிமைகளும் பாடமாக வேண்டும் என்றார்கள். இங்கே உங்களுக்கு ஊசி போடுகிறவர் பக்கத்தில் எப்படி நிற்பது என்று சொல்லித் தந்திருப்பார்கள்.

என் தொழில் பேங்க் என்பதால் ஒன்று. கை எழும்பாத முதியவர் கைநாட்டு வைத்துப் பணம் எடுக்கலாம். கைநாட்டு முடியாவிட்டால் கால்விரல் ரேகையும் வைக்கலாம். ஆனால் பேங்க்குக்குத் தெரிந்த ரெண்டு சாட்சி வேண்டும், அதில் ஒருவர் பேங்க் அதிகாரியாக இருக்கவேண்டும். ஆகவே இல்லத்துக்காரர் வித்ட்ராயல் ஃபாரத்தை நீட்டி, "அவர் கட்டைவிரலைப் புடிச்சு ஒத்தும்மா" என்றால் ஒத்தாதீர்கள். பென்ஷன் அவருடையது, பாஸ்புக்கும் அவருடையது.

கூட்டத்துக்கு முன்னால் ஒரு தங்கச்சி கேட்டது: "அண்ணே, சூத்தைக் கழுவிவிடுறது நான். எங் கையால தண்ணி குடிக்கமாட்டேங்குது அந்தப் பெருசு. சாதியச் சொல்லித் திட்டுது. அதுக்கு நான் எதுக்கு உரிமை பாக்கணும்?"

சரியான கேள்வி. சட்டம் முதலில். 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் சாதிப் பேர் சொல்லி இழிவுபடுத்துவது குற்றம். வீட்டு நாலு சுவருக்குள், வெளியாள் யாரும் இல்லாதபோது நடந்தது இதில் வராது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. பத்துக் கட்டில் போட்ட வார்டு, பார்க்க வந்தவர்கள் நிற்கிறார்கள். அது தனி வீடு ஆகாது என்றுதான் நான் வாதாடுவேன். அறிவு தெளிவாயிருக்கிற ஆள் என்றால் புகார் கொடு. வேறு வார்டு கேள். இல்லத்துக்காரரை பதில் சொல்ல வை. மறதி நோயில் பிதற்றுகிறவர் என்றால் அது வேறு விஷயம், டாக்டரிடம் சொல்.

ஆனால் தங்கச்சி, தண்ணியைச் சூடாக ஊத்தாதே. ஈரத்துணியோடு விடியும்வரை போட்டுவைக்காதே. திருப்பி அடிக்க முடியாத உடம்பின்மேல் கை வைப்பது எப்படிப்பட்ட வேலை என்று நம்ம பாட்டன் பூட்டன் முதுகுக்குத் தெரியும். அவனிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அதுவாக இருக்கக்கூடாது. சண்டையை அவன் நாக்கோடு போடு, போலீஸ் ஸ்டேஷனில் போடு. கட்டிலில் வேண்டாம்.

கடைசியாக, ஒரு நோட்டு வாங்கிக்கங்க. படுத்த படுக்கையாக இருப்பவரை ரெண்டு மணிக்கு ஒருதடவை புரட்டிப் படுக்கவைக்கணும்னு படிச்சிருப்பீங்க. எந்த மணிக்குப் புரட்டினீங்க, இடுப்பில் புண் எந்தத் தேதியில் பார்த்தீங்க, யாரிடம் சொன்னீங்க, அவர் என்ன சொன்னார், எல்லாத்தையும் தேதி போட்டு எழுதுங்க. தமிழ்லயே எழுதுங்க. தனியாகப் புகார் கொடுக்க பயமாயிருந்தால் ரெண்டு மூணு பேராகச் சேர்ந்து கையெழுத்துப் போடுங்க. முதியோர் உதவி எண் 14567. அதையும் அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்க.