கம்பம் நிற்பது எதனால்?

வானொலியைக் கேட்பவர் பலர். வானொலியில் பேசுபவர் சிலர். தம் கையாலேயே கருவி அமைத்து, கம்பம் நாட்டி, கம்பி கட்டி, கடல் கடந்த நாட்டினரோடு உரையாடுபவர் மிகச் சிலர். இந்த மூன்றாம் வகையினரை அமெச்சூர் வானொலியர் என்கிறோம். 'ஹாம்' என்னும் செல்லப் பெயரும் அவர்களுக்கு உலகெங்கும் உண்டு. ஊதியம் கருதாது ஆர்வம் ஒன்றனாலேயே இவர்கள் இதில் ஈடுபடுகிறார்கள். ஆனால் விருப்பம் போல் பேசிவிட முடியாது. மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை வழியாகத் தேர்வில் தேறி, உரிமமும் அழைப்புக் குறியும் பெற்ற பிறகே வாய் திறக்கலாம்.

இவர்களுடைய கருவிகளைப் பற்றிப் பலரும் பேசுவர். கருவிக்கு உயிரூட்டும் ஏரியல் கம்பியைப் பற்றியும், அதைத் தாங்கும் கம்பத்தைப் பற்றியும் பேசுவோர் குறைவு. கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையில் உள்ள குள்ளஞ்சாவடியில் வாழ்கிறவன் நான். பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும் என் கொல்லையில் ஒரு கம்பத்தை நாட்டிக் காத்து வருகிறேன். அது 12 மீட்டர் உயரமுள்ள இரும்புக் குழாய். அதனிடமிருந்து கற்றவற்றை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒரு வரலாற்றுச் செய்தி. 1924-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் நாள் சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலான ஆர்வலர்கள் 'சென்னை மாகாண ரேடியோ சங்கம்' என ஒன்றை நிறுவினார்கள். அதே ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் அச்சங்கம் ஒலிபரப்பைத் தொடங்கியது. பொருள் முட்டுப்பாட்டால் 1927-இல் ஒலிபரப்பு நின்றது. கருவி சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. மாநகராட்சி 1930-இல் தன் ஒலிபரப்பைத் தொடங்கி நடத்தியது. 1938-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது. நம் மாநிலத்து வானொலி என்னும் ஆலமரத்துக்கு விதையிட்டவர்கள் ஊதியம் கருதாத ஆர்வலர்களே என்பதை நீங்கள் மறத்தல் ஆகாது.

இனிக் கம்பத்துக்கு வருவோம். ஏரியல் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. மின்காந்த அலை வினாடிக்கு 30 கோடி மீட்டர் விரைவில் செல்கிறது. ஆகவே 300 என்னும் எண்ணை மெகாஹெர்ட்ஸில் கூறிய அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். நம் நாட்டு ஆர்வலர்கள் மிகுதியாகப் பயன்படுத்தும் 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் ஏறத்தாழ 42 மீட்டர். அதில் பாதி 21 மீட்டர். கம்பியில் அலை சற்றே மெதுவாகச் செல்வது போன்ற காரணங்களால் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்து 20 மீட்டர் கொள்ள வேண்டும். அந்தக் கம்பியை நடுவில் துண்டித்து, இரு பாதிகளுக்கும் இடையே பீங்கான் இன்சுலேட்டர் வைத்து, கருவியிலிருந்து வரும் கேபிளை அங்கே இணைத்தால் 'டைபோல்' என்னும் ஏரியல் ஆயத்தம். இதற்காகும் செலவு மிகச் சிறிது.

இதை உயரத்தில் கட்ட வேண்டுவது ஏன்? தரைக்கு அருகில் கட்டிய கம்பியிலிருந்து எழும் ஆற்றலில் ஒரு பங்கை மண் விழுங்கிவிடுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி நேரே மேல்நோக்கிப் போகிறது. உயரம் கூடக் கூட அலை அடிவானத்தை நோக்கித் தாழ்ந்து செல்கிறது. வானின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும்போது தொலைநாட்டில் சென்று இறங்குகிறது. ஆதலின் உயரத்தின் மேல் எல்லோருக்கும் ஆசை. அந்த ஆசை தவறன்று. எனினும் உயர்த்துதல் ஒரு நாள் வேலை. நிற்கச் செய்தல் ஆண்டு முழுவதும் செய்ய வேண்டிய வேலை.

கம்பியில்லாத் தந்தியின் முன்னோடியான மார்க்கோனியே இதைப் பெரும் விலை கொடுத்துத்தான் அறிந்தார். அட்லாண்டிக் மாகடலைத் தாண்டிச் செய்தி அனுப்ப விரும்பி, இங்கிலாந்தின் போல்டு என்னும் இடத்தில் ஏறத்தாழ 60 மீட்டர் உயரமுள்ள இருபது கம்பங்களை வட்டமாக நாட்டினார். 1901-ஆம் ஆண்டு செப்டம்பரில் வீசிய ஒரு புயலில் அவை சரிந்தன. அமெரிக்கக் கரையில் நாட்டியவையும் அடுத்த சில வாரங்களில் அவ்வாறே வீழ்ந்தன. அவர் சோர்ந்துவிடவில்லை. போல்டுவில் இரண்டே கம்பங்களை நாட்டி, இடையே கம்பிகளை விசிறி போல் கட்டினார். மறு கரையான நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு பட்டத்தைப் பறக்கவிட்டு, அதன் வழியே ஏரியலை மேலே ஏற்றினார். டிசம்பர் 12-ஆம் நாள் 'எஸ்' எழுத்துக்குரிய மூன்று குறிகளைக் கேட்டதாக அறிவித்தார். எண்ணிக்கையால் பெரியவை வீழ்ந்தன. எளியவை காரியத்தை முடித்தன.

அவ்வாறாயின் கம்பத்தை வீழ்த்தும் காற்றின் வலிமைதான் எவ்வளவு? காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் அழுத்தமும் இருமடங்கு ஆகும் என்று நினைப்போம். அப்படி அன்று, நான்கு மடங்கு ஆகும். மணிக்கு 70 கிலோமீட்டர் வேகக் காற்று, தன்னை எதிர்க்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் ஏறத்தாழ 23 கிலோகிராம் எடைக்கு நிகராக அழுத்துகிறது. 140 கிலோமீட்டர் வேகத்தில் அது 92 கிலோகிராமாக உயர்கிறது. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த 'தானே' புயலின் வேகம் அதை ஒட்டியதே. எங்கள் வட்டாரத்தின் வாழ்வாகிய முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் ஒடிந்தன. பல ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. அப்புயலைக் கண்டவர் எவரும் கம்பம் நாட்டுதலை விளையாட்டாகக் கருதார்.

காற்றை வெல்ல வழி என்ன? கம்பத்தைத் தடிப்பாக்குதல் அன்று. மூன்று திசைகளிலும் இழுத்துப் பிடித்தல். மின்கம்பங்களில் நீங்கள் காணும் 'ஸ்டே கம்பி'தான் அதற்குத் துணை. ஒன்றுக்கொன்று 120 பாகைக் கோணத்தில் மூன்று கம்பிகள் வேண்டும். 12 மீட்டர் கம்பத்துக்கு உச்சியருகே ஒரு வரிசையும் இடையில் ஒரு வரிசையும் தேவை. கம்பிகளைத் தரையில் பிணிக்கும் இடம் கம்பத்தின் அடியிலிருந்து உயரத்தில் முக்கால் பங்கு, அதாவது 9 மீட்டர், தள்ளி இருத்தல் நன்று. இடம் போதாது என்று அடியருகே பிணித்தால், கம்பி பக்கவாட்டில் பிடிப்பதற்கு மாறாகக் கம்பத்தைக் கீழ்நோக்கி அமுக்கும். காற்றடிக்கையில் கம்பம் இடுப்பொடிந்து மடியும்.

ஸ்டே கம்பியின் இடையிடையே முட்டை வடிவப் பீங்கானைக் கோக்கிறோமே, அது எதற்கு? நீண்ட கம்பி தானும் ஓர் ஏரியலாகி அலையைத் திசை மாற்றாதபடி அதைத் துண்டு துண்டாகப் பிரிப்பதற்கு. அதன் அமைப்பில் மற்றொரு நுட்பமும் உண்டு. இரு பக்கத்துக் கம்பிகளும் பீங்கானுக்குள் ஒன்றையொன்று கோத்தபடி செல்வதால், பீங்கான் உடைந்தாலும் கம்பிகள் பிரிவதில்லை, கம்பம் வீழ்வதில்லை. ஒரு பொருள் கெட்ட பின்னரும் தீங்கு நேராதபடி முன்கூட்டியே எண்ணிச் செய்தலே பொறியியலின் சிறப்பு.

கம்பியின் முனையை மடித்துக் கிளாம்ப் போடுவதிலும் ஒழுங்கு உண்டு. கிளாம்ப்பின் சேணம் போன்ற பகுதி பளு தாங்கும் நீண்ட கம்பியின் மேலும், வளைந்த ஆணி மடிந்து வந்த குட்டைக் கம்பியின் மேலும் அமைய வேண்டும். மாற்றிப் போட்டால் ஆணி பளு தாங்கும் கம்பியை நசுக்கி வலுவிழக்கச் செய்யும்.

அடித்தளத்துக்குப் போடும் கான்கிரீட்டை நாள்தோறும் நனைத்து இறுக விடவேண்டும். அது முழு வலுப்பெற 28 நாள் கொள்ளும். நாளைக்கே பேச வேண்டும் என்று பரபரப்பவருக்கு இது ஒரு நல்ல பொறுமைப் பாடம்.

நாட்டிய பிறகு வருவது பராமரிப்பு. கடற்காற்றின் உப்பு இரும்பைத் தின்னும். துத்தநாகம் பூசிய கம்பியும் கீறல் பட்ட இடத்தில் துருப்பிடிக்கும். என் குறிப்பேட்டில் மாதம் ஒரு நாளை இதற்கென ஒதுக்கியிருக்கிறேன். ஸ்டே கம்பிகளின் விறைப்பு, மரைகளின் இறுக்கம், அடித்தளத்தைச் சுற்றியுள்ள மண், கேபிளின் இணைப்புகள் ஆகிய ஒவ்வொன்றையும் பார்த்துத் தேதியிட்டு எழுதுகிறேன். கேபிள் வீட்டுக்குள் நுழையுமுன் சற்றுத் தாழ்ந்து வளைந்து பிறகு மேலேறுமாறு விட்டால், மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், கருவிக்குள் புகாது. ஐப்பசியும் கார்த்திகையும் எங்களுக்கு அடைமழைக் காலம். இடி முழக்கம் தொலைவில் கேட்ட பொழுதே கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும். கம்பத்தின் எர்த்தும் வீட்டின் எர்த்தும் தனித்தனியே இராமல் ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருத்தல் வேண்டும். புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் ஏரியலைக் கப்பி வழியாகக் கீழே இறக்கிச் சுருட்டி வைத்துவிடுவேன். காற்றுக்குக் கொடுக்கும் பரப்பு குறையும். புயல் ஓய்ந்ததும் ஏரியலை ஒரு மணி நேரத்தில் மீண்டும் ஏற்றலாம்.

இனி, இவை அனைத்தினும் முதன்மையானது ஒன்று. நெய்வேலியில் 1962-இல் மின்னாக்கத்தைத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020-இல் என்னைப் போலவே ஓய்வு பெற்றுவிட்டது. எனினும் பின்னர் எழுந்த நிலையங்களிலிருந்து 230, 400 கிலோவோல்ட் மின்தடங்கள் எங்கள் வட்டாரத்து வயல்களின் மேல் செல்கின்றன. தெருவிலும் தோப்பிலும் சிறிய மின்கம்பிகள் எங்கும் உண்டு. இரும்புத் துறட்டுக்கோலால் காய் பறிக்கப் போய், கோல் மின்கம்பியில் பட்டு உயிரிழந்தோரைப் பற்றி நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏரியல் கம்பமும் ஒரு நீண்ட இரும்புக்கோல்தான். ஒருமுறை என் மாணவர் மூவர் அலுமினியக் குழாய் ஒன்றைத் தூக்கி நிறுத்த முனைந்தனர். நான் அதைக் கீழே கிடத்தச் சொல்லி, மின்கம்பி வரையுள்ள தொலைவை அடியளந்து வரச் சொன்னேன். குழாயின் நீளம் 9 மீட்டர்; தொலைவு 7 மீட்டர். அவர்கள் ஒன்றும் பேசாமல் குழாயை மைதானத்தின் மறுகோடிக்குத் தூக்கிச் சென்றனர். கம்பம் எப்பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடக்கூடாது. அதன் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு தொலைவாவது இடைவெளி வேண்டும். இவ்விதிக்கு விலக்கே இல்லை.

கம்பத்தில் ஏறுவோர்க்கும் விதிகள் உண்டு. தனியே ஏறலாகாது. பாதுகாப்புப் பட்டையில் இரு கயிறுகள் வேண்டும். ஒன்றை மாற்றும்போது மற்றொன்று மாட்டியபடியே இருக்க வேண்டும். மேலே ஆள் இருக்கையில் கீழே எவரும் நிற்கலாகாது. மாணவர்கள் ஏறவே வேண்டியதில்லை. தரையிலிருந்து செய்யத்தக்க பணிகளே நிறைய உண்டு.

இவ்வளவு பாடுபடுவது வெறும் பொழுதுபோக்குக்காகவா என்று நீங்கள் கேட்கலாம். 2004-ஆம் ஆண்டு டிசம்பரில் பாரதி பிரசாத் என்னும் பெண்மணி தம் குழுவினரோடு அந்தமானின் போர்ட் பிளேரில் அமெச்சூர் நிலையம் ஒன்றை அமைத்து உலக ஆர்வலர்களோடு பேசிக்கொண்டிருந்தார். 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. தீவுகளின் தொலைபேசித் தொடர்பு குலைந்தது. அதுவரை வாழ்த்துரை சுமந்த அந்த ஏரியல், அன்று முதல் உற்றாரைத் தேடுவோரின் நலச்செய்திகளைச் சுமந்தது. எங்கள் கடலூர்க் கரையும் அதே நாளில் அழுதது. பெருங்கட்டடங்களின் தொடர்புகள் அற்றுப்போகும் நாளில் ஒரு பாட்டரியும் இருபது மீட்டர்க் கம்பியும் ஊருக்குப் பேச்சாகலாம். ஆனால் அந்நாளில் அது நிற்க வேண்டுமே! முந்திய மாதங்களில் மரை இறுக்காதவனுக்கு அந்த வாய்ப்புக் கிட்டாது.

மாணவ நண்பர்களே, இரும்புக் கோபுரத்தோடு தொடங்காதீர்கள். எங்கள் பக்கத்தில் சவுக்குக் கழிக்குப் பஞ்சமில்லை. உங்கள் ஊரிலும் ஏதேனும் ஒரு கழி கிடைக்கும். மின்கம்பிக்கு எட்டாத இடத்தில், ஆசிரியர் ஒருவரின் துணையோடு, அதை நாட்டுங்கள். 20 மீட்டர்க் கம்பியை அளந்து கட்டுங்கள். அதை மரத்தில் கட்டுவதானால் ஒரு முனையைக் கப்பியின் வழியே விட்டு, மணல் நிரப்பிய வாளியைத் தொங்கவிடுங்கள். மரம் ஆடும்போது வாளி ஏறி இறங்கும், கம்பி அறாது. கேட்பதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். தேர்வுக்குப் படித்து உரிமம் பெற்ற பிறகு பேசுங்கள். ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டு, மாதந்தோறும் கம்பத்தைச் சுற்றி வந்து பாருங்கள்.

கம்பம் நிற்பது இரும்பின் வலிமையால் மட்டும் அன்று. மூன்று பக்கத்துக் கம்பிகளும் தம்முள் ஒத்து இழுப்பதாலும், மண்ணுக்குள் மறைந்த அடித்தளம் பளுவை ஏற்பதாலும், புயல் இல்லாத நாளிலும் அதை ஒருவர் பார்த்துவருவதாலுமே அது நிற்கிறது. அந்த ஒருவராக இருக்க நீங்கள் பழகிக்கொள்ளுங்கள்.