கியர்ப் பெட்டியைக் கழற்றுமுன்



தோட்டத்தில் ஒரு குடும்பம் வைத்திருக்கும் பழைய கார், ஆடம்பரத்துக்கு அன்று. பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதற்கும், நோயாளியைப் பட்டணத்து மருத்துவமனையில் சேர்ப்பதற்கும் அதுதான் துணை. அந்த ஆட்டோ கியர் காரில் ஒருநாள் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. கியர் மாறும்போது வண்டி குலுங்குகிறது. "கியர்ப் பெட்டியை மாற்ற வேண்டும்" என்று பட்டறையில் சொல்கிறார்கள். ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு எங்கே போவது? பொறுங்கள். முதலில் பார்க்க வேண்டியவை உள்ளன.

ஆட்டோ கியரில் ஒரு பம்பு எண்ணெயை அழுத்தி அனுப்புகிறது. அந்த அழுத்தத்தால்தான் கிளட்சுகள் இறுகப் பிடிக்கின்றன. அழுத்தம் வந்ததா என்று காரின் கணினிக்குச் சொல்வது சென்சர். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி பழுதானால், நல்ல உடம்பையும் நோயுற்றதாகக் காட்டும் அல்லவா? சென்சரும் அப்படியே.

ஆகவே, பட்டறையில் கணினி காட்டும் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பி0842, பி0847 போன்ற எண்கள் சென்சரின் மின்சுற்றையே குறிக்கின்றன. கியர்ப் பெட்டி கெட்டுவிட்டது என்று அவை சொல்வதில்லை.

முதலாவது, எண்ணெய். சமதரையில், காரின் கையேடு சொல்லும் முறையில் அளவு பாருங்கள். பல கார்களில் இஞ்சின் ஓடும்போதும், ஹோண்டா கார்களில் சூடான இஞ்சினை நிறுத்தியவுடனும் பார்க்க வேண்டும். அளவு குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. கறுத்துக் கருகிய வாடை வீசினால் கிளட்சு தேய்ந்திருக்கலாம்.

இரண்டாவது, ஒயர். இஞ்சின் ஆறியபின் சாவியை எடுத்துவிட்டுச் சென்சர் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே எண்ணெய் ஊறியிருக்கலாம், பச்சை பூத்திருக்கலாம், எலி ஒயரைக் கடித்திருக்கலாம். இவற்றைச் சரிசெய்யச் செலவு சொற்பமே.

மூன்றாவது, சென்சர். ஹோண்டா கார்கள் பலவற்றில் இது ஒற்றை ஒயர் சுவிட்ச். அழுத்தம் இல்லாதபோது அதில் மின்தொடர்பு இருக்கக் கூடாது. இஞ்சின் நின்றிருக்கும்போதே மீட்டர் தொடர்பு காட்டினால் சுவிட்ச் கெட்டுவிட்டது. அதையும் வாஷரையும் மாற்றினால் போதும். சில கார்களில் சென்சர் கியர்ப் பெட்டிக்குள்ளேயே இருக்கும். அது பட்டறை வேலை.

கடைசியாக, அழுத்தமானியைப் பொருத்தி உண்மையான அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். அழுத்தம் சரியாக இருந்தால் பழுது பெரும்பாலும் சென்சரில் அல்லது ஒயரில். எண்ணெய் போதிய அளவு இருந்தும் அழுத்தம் குறைந்தால்தான் பம்பு, வால்வு, கிளட்சு ஆகியவற்றைப் பற்றிப் பேச வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள். இஞ்சின் இரைந்தும் வண்டி நகராமல் கியர் வழுக்கினால், தொடர்ந்து ஓட்டாதீர்கள்.

"அழுத்தத்தை அளந்தீர்களா?" என்ற ஒரு கேள்வி உங்கள் சேமிப்பைக் காக்கும். கேட்கத் தயங்காதீர்கள்.