குழந்தை கையில் செல்போன்: தொழிலாளி வீட்டில் செய்ய வேண்டியது என்ன?

(மில் தொழிலாளர் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் சேர்ந்து நடத்திய குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி உயர்வு பற்றியும் பதிலித் தொழிலாளரை நிரந்தரமாக்குவது பற்றியும் பேசுவோம் என்று நினைத்துத்தான் உங்களில் பலர் வந்திருப்பீர்கள். அவற்றையும் தலைவர்கள் பின்னால் பேசுவார்கள். மாதர் சங்கத் தோழர்கள் இரண்டு மாதமாக விடாமல் கேட்டு வந்த விஷயம் வேறு. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை படிக்கிற நம் குழந்தைகள், நாம் ஷிப்டில் இருக்கும்போதும் வயலில் இருக்கும்போதும் செல்போனில் என்ன செய்கிறார்கள்? அவர்களை யார் அணுகுகிறார்கள்? அதைப் பேசவே நாம் இங்கே கூடியிருக்கிறோம்.

"இது வீட்டுச் சமாசாரம் அல்லவா, சங்கத்துக்கு இதில் என்ன வேலை?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். பதிலுக்குப் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். 1881இல் இந்த நாட்டில் வந்த முதல் பாக்டரி சட்டம், ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையை ஆலையில் வைக்கக் கூடாது என்றது. ஏழு முதல் பன்னிரண்டு வயது வரை உள்ள குழந்தையிடம் நாளுக்கு ஒன்பது மணி நேரம் வேலை வாங்கலாம் என்று அனுமதித்தது! 1922இல் அந்த வயது பன்னிரண்டாயிற்று, 1948இல் பதினான்காயிற்று. குழந்தையின் நேரம் முதலாளிக்கு எவ்வளவு, குழந்தைக்கு எவ்வளவு என்பது அன்று ஆலை வாசலில் தீர்மானிக்கப்பட்ட சங்கதி. இன்று அதே நேரத்தின் மீது வேறு முதலாளிகள் கண் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஆலையும் வேண்டாம், வாசலும் வேண்டாம். குழந்தை பாயில் படுத்தபடியே போனைப் பார்த்தால் போதும்.

இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது? யூடியூப் பார்க்கக் காசு கேட்கிறார்களா? இல்லை. பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் மெட்டா என்ற ஒரே கம்பெனியின் சொத்து. அதற்கு 2024ஆம் வருஷத்தில் வந்த வரவு 16,400 கோடி டாலருக்கு மேல். அதில் ஏறக்குறைய முழுவதும் விளம்பரப் பணம். பார்க்கிறவர் எவ்வளவு நேரம் கண்ணை எடுக்காமல் இருக்கிறாரோ அவ்வளவு விளம்பரம், அவ்வளவு லாபம். ஒரு படம் முடியுமுன் அடுத்த படம் தானாக ஓடுவது இதற்காகத்தான். குழந்தை எதைப் பார்த்தது, எதில் நின்றது என்பதெல்லாம் கணக்கில் ஏறுகிறது. ஸ்பின்னிங்கில் மேஸ்திரி நூல் அறுந்ததை எண்ணுவதைவிட நுணுக்கமான கணக்கு!

நாம் வெறுப்பால் சொல்லும் குற்றச்சாட்டு அல்ல இது. முதலாளித்துவத்தின் தலைநகரமான அமெரிக்காவிலேயே, பெற்றோர் சம்மதமில்லாமல் குழந்தைகளைப் பற்றிய விவரங்களைச் சேகரித்தது என்ற வழக்கில் யூடியூபும் அதன் சொந்தக்காரரான கூகுளும் 2019இல் 17 கோடி டாலர் கட்ட நேர்ந்தது. 'ஃபோர்ட்நைட்' விளையாட்டை நடத்தும் எபிக் கம்பெனி 2022 டிசம்பரில் 52 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. குழந்தைகள் பெற்றோருக்குத் தெரியாமலே காசு செலவழிக்கும்படி பொத்தான்களை வைத்திருந்தது ஒரு குற்றச்சாட்டு. குழந்தைகளும் முன்பின் தெரியாதவர்களும் நேரடியாகப் பேசும் வசதியை, யாரும் கேட்காமலே திறந்து வைத்திருந்தது இன்னொன்று. இந்த இரண்டாவதைக் கவனத்தில் வையுங்கள்.

நம் ஊருக்கு வருவோம். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. இடையில் பாடம் செல்போனுக்குள் போயிற்று. கடன் வாங்கிப் போன் வாங்கினோம். பள்ளி திறந்தது, கடனும் ஒருவாறு அடைந்தது, போன் மட்டும் குழந்தை கையிலேயே தங்கிவிட்டது. "ஏன் கொடுத்தீர்கள்?" என்று தாய்மார்களைக் கேட்பவர்கள், விடியற்காலையில் நடவுக்குப் போகிறவளும் இரவு ஷிப்டுக்குப் போகிறவளும் குழந்தையை யாரிடம் விட்டுப் போவது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆபத்து வருகிற விதத்தை ஒரு சம்பவத்தால் விளக்குகிறோம். நம் வட்டாரத்தில் நடந்தது. தகப்பனார் மில்லில், தாய் களை பறிப்பில். நான்காம் வகுப்புப் பெண் குழந்தை போனில் விளையாடுகிறாள். விளையாட்டில் ஒரு "அக்கா" பழக்கமாகிறாள். விளையாட்டுக்கு வேண்டிய பரிசுகளை இனாமாகத் தருகிறாள். அப்புறம் வாட்ஸ்அப் நம்பர் கேட்கிறாள். பள்ளிச் சீருடையில் ஒரு படம் கேட்கிறாள். "நம் சிநேகிதம் ரகசியம், அம்மாவிடம் சொல்லாதே" என்கிறாள். பிறகு கேட்கக் கூடாத படத்தைக் கேட்கிறாள். அனுப்பிய பிறகு மிரட்டல். அக்காவும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு வளர்ந்த ஆண். குழந்தை சோறு வெறுத்தாள், பள்ளிக்குப் போக அழுதாள், தூக்கத்தில் திடுக்கிட்டாள். தாய் காற்றுக் கருப்பு என்று நினைத்து மந்திரித்துக் கயிறு கட்டினாள். நான்கு மாதம்! கடைசியில் வகுப்பு ஆசிரியைதான் மெல்லப் பேசி விஷயத்தை வெளியில் கொண்டுவந்தார். "ஏன் கண்ணு முதலிலேயே சொல்லவில்லை?" என்று கேட்டதற்கு அந்தக் குழந்தை சொன்ன பதில்: "சொன்னா அப்பா அடிப்பாரு."

தோழர்களே, அந்த அயோக்கியனுக்கு நான்கு மாதம் காவல் காத்தது எது? அந்த அடி பற்றிய பயம்தான். ஆலையில் மேஸ்திரி அதட்டினால் வேலை நிறுத்தம் செய்கிற நாம், வீட்டில் பிரம்பை எடுத்தால் குழந்தை எங்கே போய் முறையிடும்? ஆகவே முதல் காரியமாக இன்றிரவே குழந்தையை உட்கார வைத்துச் சொல்லுங்கள்: "போனில் எது நடந்தாலும், நீ தப்பே செய்திருந்தாலும், எங்களிடம் சொல், அடிக்க மாட்டோம், போனையும் பிடுங்க மாட்டோம்." சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். 'ரகசியம் என்று எவர் சொன்னாலும் அதை உடனே அம்மாவிடம் சொல்' என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பையன்களுக்கும் இதே பேச்சுத்தான். ஆண் பிள்ளைக்கு ஒன்றும் வராது என்ற நினைப்பு வேண்டாம்.

"எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதே, குழந்தைக்குத்தானே எல்லாம் தெரிகிறது" என்று கூச்சப்படுகிறீர்கள். தெரிய வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "இது என்ன? இதில் யார் பேசுகிறார்கள்? நேரில் பார்த்திருக்கிறாயா?" என்று கேளுங்கள். குழந்தை பெருமையாகவே காட்டும். போனைத் திண்ணையிலோ கூடத்திலோ வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரவில் அது பெரியவர்கள் பக்கத்தில் சார்ஜில் கிடக்கட்டும். இன்ஸ்டாகிராமிலும் பேஸ்புக்கிலும் 13 வயதுக்குட்பட்டவர் கணக்கு வைக்கக் கூடாது என்பது அந்தக் கம்பெனிகளே எழுதி வைத்த விதி. வயதை மாற்றிப் போட்டுத் திறந்திருந்தால் மூடுங்கள். விளையாட்டுகளில் அந்நியர் பேசும் வசதியை அணைத்துவிடலாம்.

பணம். கூலி வந்ததா என்று பார்க்கவும், கடைக்காரருக்கு அனுப்பவும் எட்டு வயதுப் பிள்ளையைத்தான் கூப்பிடுகிறோம். பின் நம்பர் நமக்கு மறந்தாலும் அதற்கு மறக்காது. குடும்பத்துக் கணக்குப்பிள்ளையே அதுதான்! விளையாட்டில் "இதை அழுத்து" என்று வந்தால் அழுத்திவிடுகிறது. வாரக் கூலி போகிறது. பின் நம்பரைப் பெரியவர் ஒருவர் மனப்பாடம் செய்யுங்கள். கூலி விழுகிற பாங்குக் கணக்கைப் போனில் சேர்க்காமல், கைச்செலவுக்கு வேறொரு சின்னக் கணக்கை மட்டும் சேர்ப்பது நல்லது.

இன்னொன்று, ஆண் தோழர்களுக்கு மட்டும். கோபித்துக்கொள்ள வேண்டாம். வாட்ஸ்அப் குழுக்களில் ஆபாசப் படங்களை ஒருவருக்கொருவர் தள்ளுகிறீர்கள். அது தானாகவே போனில் இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. மாலையில் அதே போனை வாங்குவது உங்கள் மகள். தானாக இறங்குவதை நிறுத்த வழியிருக்கிறது. அதைவிட அந்தக் குழுவை விட்டு வெளியேறுவது மேல். குழந்தையின் படத்தைப் பள்ளிப் பெயர் தெரியும்படி ஸ்டேட்டஸில் போடுவதையும் நிறுத்துங்கள்.

ஏதாவது நடந்துவிட்டால்? மிரட்டுகிறவனுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அவமானம் என்று அழித்துவிடாதீர்கள். அவன் அனுப்பியவை அனைத்தும் சாட்சியம், போனிலேயே இருக்கட்டும். வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள். 1098 என்பது குழந்தைகளுக்கான இலவச டெலிபோன். 1930 இணையப் பண மோசடிக்கு. உடனே கூப்பிட்டால் பணம் கைமாறுவதைத் தடுக்க வழியுண்டு. போலீஸ் ஸ்டேஷன் என்றால் நமக்குப் பயம். மேற்சொன்ன குடும்பத்தையும் "போனை ஏன் கொடுத்தாய்?" என்றுதான் முதலில் கேட்டார்கள்; சங்கத் தோழர்கள் கூடப் போன பின்பே புகார் பதிவாயிற்று. 2012ஆம் வருஷத்து போக்சோ சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? இத்தகைய புகாரைப் பதிவு செய்யத் தவறும் போலீஸ்காரர் தண்டனைக்கு உரியவர். குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்புகிற இடத்திலோ வாங்க வேண்டும். கூடுமானவரை பெண் சப்-இன்ஸ்பெக்டர் வர வேண்டும். யூனிபாரத்தில் வரக் கூடாது. குழந்தையை இரவில் ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. அதன் பெயரையோ படத்தையோ பத்திரிகை வெளியிடக் கூடாது. இவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவும் செய்தாலும் பாரம் முழுவதையும் தாயின் தலையில் வைப்பதை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. குழந்தைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கும் ஷரத்து 2023ஆம் வருஷத்துத் தகவல் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. விதிகள் வெளிவரவே 2025 நவம்பர் ஆயிற்று. முக்கிய ஷரத்துகளுக்குக் கம்பெனிகளுக்கு மேலும் பதினெட்டு மாதம் தவணை! ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கே கூடாது என்று கம்பெனிகள் மீது பொறுப்பைப் போட்டார்கள். அது முழுதும் சரியான வழியா என்பதில் அபிப்பிராய பேதம் இருக்கலாம். பொறுப்பை யார் மீது வைத்தார்கள் என்பதைப் பாருங்கள்.

நேரமும் ஒரு கேள்வி. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்யும் திருத்தத்தைத் தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேற்றினார்கள். சங்கங்கள் எல்லாம் எதிர்த்தன. மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்தார்கள். எட்டு மணி நேரத்தைக் காப்பாற்றினால்தான் மாலையில் குழந்தையோடு உட்கார முடியும். காலனியில் விளையாட இடமும், மாலை நேரப் படிப்பகமும் வேண்டுமென்று ஊராட்சியிடம் கொடுக்கும் மனுவில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, இரவு ஷிப்டு முடிந்து குளித்துவிட்டு, அவரவர் போனையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். வாலிபர் சங்கத் தோழர்கள் ஒவ்வொரு போனாக எடுத்துப் பூட்ட வேண்டியதைப் பூட்டி, அணைக்க வேண்டியதை அணைத்துக் காட்டுவார்கள். வயல் வேலைக்குப் போகிறவர்களுக்கு அன்று மாலை ஆறு மணிக்குச் சேரிப் பள்ளிக்கூடத்துத் திண்ணையில் அதே ஏற்பாடு. மனுத் தாள் இரண்டு இடத்திலும் இருக்கும்.